காத்தாடியா, தண்ணீர்ச் சக்கரமா, சோலாரா: கண்காட்சிக்கு எதைச் செய்வது?

உடுமலையில் மோட்டாருக்குக் காயில், அதாவது செம்புக் கம்பிச் சுருள், கட்டும் கடை வைத்திருக்கிறேன். கிணற்று மோட்டார், கிரைண்டர், மிக்ஸி, மேசை விசிறி என்று எது புகைந்தாலும் இங்கே வரும். ஆடி பிறந்தால் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் வருவார்கள். அறிவியல் கண்காட்சி நெருங்குகிறது என்று அர்த்தம். "அண்ணா, பழைய சின்ன மோட்டார் ஒண்ணு இருக்குங்களா?"

இந்த வருடம் வந்தவள் என் அண்ணன் மகள். ஏழாம் வகுப்பு. நோட்டில் ஐந்து பெயர்களை வரிசையாக எழுதி வந்திருந்தாள்: காற்று, தண்ணீர், சூரியன், கடல் அலை, சாண எரிவாயு. மேலே சிவப்பு மையில் 'புதுப்பிக்கத்தக்க ஆற்றல் மூலங்கள்' என்று கோடு போட்டுத் தலைப்பு.

"இதுல எதைச் செஞ்சா பரிசு கிடைக்கும், சித்தப்பா?"

"பரிசைப் பத்தி எனக்கென்ன கண்ணு தெரியும்? எது எரியும், எது எரியாது, எதைச் செஞ்சா கேள்வி கேக்கறப்போ நீ முழிக்க மாட்டே, அது தெரியும்."

அன்று ஞாயிறு மதியம் முழுக்க அந்த ஐந்தையும் அலசினோம். இதே குழப்பத்தில் இருக்கும் மற்ற பிள்ளைகளுக்கும், அவர்களுக்காகத் தெர்மாக்கோல் வெட்டப்போகும் அப்பா அம்மாக்களுக்கும் உதவட்டும் என்று எழுதுகிறேன்.

முதலில் ஒரு விளையாட்டு. பொம்மைக் கார்களில் வரும் மஞ்சள் நிற கியர் மோட்டார் தெரியுமா? எலெக்ட்ரானிக்ஸ் கடையில் பி.ஓ. மோட்டார் என்று கேட்டால் கொடுப்பார்கள், விலை நூறு ரூபாய்க்குள். அதில் இரண்டை எடுத்து, ஒன்றின் இரண்டு வயர்களை மற்றதன் இரண்டு வயர்களோடு முறுக்கினேன். பேட்டரி கிடையாது. "இதைச் சுத்து" என்று ஒன்றை அவள் கையில் கொடுத்தேன். அவள் சுற்ற, மேசை மேல் கிடந்த மற்றது தானாகச் சுற்றியது. நிறுத்தினால் நின்றது. திருப்பிச் சுற்றினால் அதுவும் திரும்பிச் சுற்றியது.

மோட்டார் என்பது மின்சாரம் கொடுத்தால் சுற்றும். அதையே நாம் சுற்றினால் மின்சாரம் கொடுக்கும். உள்ளே இருப்பது இரண்டே சமாச்சாரம், காந்தமும் செம்புக் கம்பிச் சுருளும். காந்தத்துக்குப் பக்கத்தில் சுருள் நகர்ந்தாலும் சரி, சுருளுக்குப் பக்கத்தில் காந்தம் நகர்ந்தாலும் சரி, கம்பிக்குள் இருக்கும் எலெக்ட்ரான்கள் தள்ளப்படும். அந்தத் தள்ளல்தான் வோல்ட். 1831இல் மைக்கேல் ஃபாரடே லண்டனில் இதைக் கண்டுபிடித்தார். சிறு வயதில் புத்தகம் பைண்டிங் செய்யும் கடையில் வேலை கற்றவர் அவர். எனக்கு அவரிடம் பிடித்தது வேறொன்று. இன்றைக்கு நாங்கள் இனாமல் பூசிய கம்பியைச் சர்ரென்று சுற்றிவிடுகிறோம். அந்தக் காலத்தில் அப்படிக் கம்பி ஏது? ஒரு சுற்று மற்ற சுற்றைத் தொட்டுவிடாமல் இருக்க, இடையில் நூலும் துணியும் வைத்துக் கட்டினார் மனிதர். எங்கள் தொழிலுக்கு மூத்தவர் அவர்தான்.

பிறகு இன்னொரு மோட்டாரைக் கொடுத்து, அதன் இரண்டு வயர் நுனிகளையும் ஒன்றாகச் சேர்த்துப் பிடித்தபடி சுற்றச் சொன்னேன். "ஐயோ, கெட்டியாயிடுச்சு!" வயர்களைப் பிரித்தால் லேசாகச் சுற்றுகிறது, சேர்த்தால் யாரோ உள்ளேயிருந்து பிடித்து இழுப்பது போல இருக்கிறது. மின்சாரம் ஓடத் தொடங்கினால் அந்தச் சுருளே ஒரு காந்தமாகி எதிர்த்து நிற்கும். எவ்வளவு மின்சாரம் எடுக்கிறோமோ அவ்வளவு பலம் கொடுத்துத் தள்ள வேண்டும். சும்மா ஒன்றும் வராது. இந்த இழுவையைக் கையால் ஒருமுறை உணர்ந்த பிள்ளைக்கு மின்நிலையம் பாதி புரிந்த மாதிரிதான்.

அவள் நோட்டிலிருந்த ஐந்தில் நான்கு, இந்த மோட்டாரைச் சுற்ற ஆள் தேடும் வேலைதான். காற்று சுற்றலாம், தண்ணீர் சுற்றலாம், அலை சுற்றலாம், எரிவாயு எரிந்து ஓட்டும் எஞ்சின் சுற்றலாம். நோட்டில் இல்லாத புவிவெப்பமும் அப்படித்தான்: பூமிக்கடியில் இருந்து வரும் நீராவி சுற்றும். இத்தாலியில் லார்தெரெல்லோ என்ற இடத்தில் 1904லேயே அப்படி ஐந்து பல்பு எரித்துக் காட்டினார்கள். சோலார் மட்டும் வேறு சாதி. அதில் எதுவுமே சுற்றுவதில்லை.

சரி, காத்தாடி.

பத்துப் பிள்ளைகள் வந்தால் ஏழு பேர் இதைத்தான் செய்கிறார்கள். எங்கள் ஊரில் அது இயல்புதான். பல்லடம் போனாலும் தாராபுரம் போனாலும் வழியெல்லாம் காற்றாலை. மேற்குத் தொடர்ச்சி மலைச் சுவரில் பாலக்காட்டுப் பக்கம் சுமார் 30 கிலோமீட்டருக்கு ஒரு வாசல் திறந்திருக்கிறது. தண்ணீர்க் குழாயின் வாயை விரலால் பாதி மூடினால் தண்ணீர் எப்படிச் சீறும், அப்படித் தென்மேற்குப் பருவக் காற்று அந்தக் கணவாய் வழியாகச் சீறி வருகிறது. தெற்கே ஆரல்வாய்மொழிக் கணவாயும் அப்படித்தான். முப்பந்தலில் காற்றாலைகள் காடு மாதிரி நிற்பதற்கு அதுதான் காரணம். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று சொன்னவர்கள் இந்தப் பக்கத்து ஆட்களாகத்தான் இருக்க வேண்டும்.

காற்றில் ஒரு கணக்கு உண்டு. வேகம் இரண்டு மடங்கானால் கிடைக்கும் ஆற்றல் இரண்டு மடங்கு அல்ல, எட்டு மடங்கு. ஏனென்றால் இரட்டை வேகத்தில் வரும் ஒவ்வொரு வீச்சு காற்றிலும் நான்கு மடங்கு ஆற்றல் இருக்கிறது, அதே நேரத்தில் வந்து மோதும் வீச்சுகளும் இரண்டு மடங்காகின்றன. நாலு இரண்டு எட்டு. அதனால்தான் காற்றாலைக்காரர்கள் இடம் தேடி அலைகிறார்கள். கொஞ்சம் காற்று குறைந்த இடத்தில் நிறுத்தினால் வருமானம் பாதாளத்துக்குப் போய்விடும். காற்று முழுவதையும் பிடித்துவிடவும் முடியாது. முழுக்கப் பிடித்தால் இறக்கைக்குப் பின்னால் காற்று அப்படியே நின்றுபோகும், முன்னால் வருகிற காற்றுக்குப் போக வழியிருக்காது. 100 பங்கில் 59 பங்குக்கு மேல் எடுக்கவே முடியாது என்று ஆல்பர்ட் பெட்ஸ் என்ற ஜெர்மானியர் நூறு வருடத்துக்கு முன்பே கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார்.

மேட்டுப்பாளையம் பக்கத்தில் ஓடந்துறை என்று ஓர் ஊராட்சி. 2006இல் தன் சேமிப்போடு வங்கிக் கடனும் வாங்கி 350 கிலோவாட் காற்றாலை ஒன்றைச் சொந்தமாக்கிக்கொண்டது. தெருவிளக்குக்கும் தண்ணீர் மோட்டாருக்கும் போக மிஞ்சியதை மின்வாரியத்துக்கு விற்றது. ஊராட்சிக்கு அது நல்ல முடிவு. கண்காட்சி மேசைக்கு நல்லதா?

என் அனுபவத்தில் அங்கேதான் பிள்ளைகள் ஏமாறுகிறார்கள். பொம்மை மோட்டார் முனையில் அட்டை இறக்கை ஒட்டி, மேசை விசிறிக்கு எதிரே வைப்பார்கள். இறக்கை அழகாகச் சுற்றும். எல்.இ.டி. மட்டும் தூங்கும். அன்றும் செய்து பார்த்தோம். மல்டிமீட்டரில் 0.35 வோல்ட். சிவப்பு எல்.இ.டி. கண் திறக்கவே ஏறக்குறைய 1.8 வோல்ட் வேண்டும், வெள்ளைக்கு 3. அந்த மோட்டார் நிமிடத்துக்குப் பல ஆயிரம் சுற்று ஓடுவதற்காகச் செய்தது. அட்டை இறக்கை நிமிடத்துக்குச் சில நூறு சுற்றோடு நின்றுவிடுகிறது.

பெரிய காற்றாலைக்கும் இதே தலைவலி உண்டு. இறக்கை நிமிடத்துக்கு 15, 20 சுற்றுதான் சுற்றும். பலவற்றில் நடுவில் ஒரு கியர்பெட்டி வைத்து, ஜெனரேட்டரை 1500 சுற்று வரைக்கும் கொண்டுபோகிறார்கள். அப்படியானால் மஞ்சள் கியர் மோட்டாரையே காத்தாடிக்கு வைக்கலாமே என்றாள் பாப்பா. நல்ல கேள்வி. வைத்துப் பார்த்தோம். கியர் கெட்டியாக இருப்பதால் மேசை விசிறிக் காற்று அதை அசைக்கக்கூட இல்லை.

வழி இல்லாமல் இல்லை. நாமே காயில் கட்டலாம். மெல்லிய 36 கேஜ் செம்புக் கம்பியில் 600 சுற்று, எதிரே ஒரு பழைய சிடியில் வடக்கு தெற்கு மாற்றி மாற்றி ஒட்டிய நான்கு வலுவான வட்டக் காந்தம். சிடியை இறக்கையோடு சேர்த்துவிட்டால் மெதுவாகச் சுற்றினாலும் இரண்டு மூன்று வோல்ட் தாண்டும். கம்பிச் சுற்றின் எண்ணிக்கை கூடக் கூட வோல்ட் கூடும், அவ்வளவுதான் சூத்திரம். ஆனால் 600 சுற்றை எண்ணிக்கொண்டே கையால் சுற்ற ஒன்பதாம் வகுப்புப் பொறுமை வேண்டும். 340இல் அம்மா சாப்பிடக் கூப்பிட்டால் கணக்கு போய்விடும்.

இன்னொரு சிக்கல், மேசை விசிறி. "இந்த விசிறிக்கு மின்சாரம் எங்கிருந்து வருகிறது?" என்று ஒரு நடுவர் கேட்டுவிட்டால் போச்சு. பத்து ரூபாய் கொடுத்து எட்டணா வாங்கிய கதை. காத்தாடி செய்வதானால் வெளி மைதானத்தில், ஆடிக் காற்றில் வைத்துக் காட்டுங்கள். வகுப்பறைக்குள் வேண்டாம்.

தண்ணீருக்கு வந்தோம்.

நம்மூரில் பழைய கதை இது. சிவசமுத்திரத்தில் காவிரியைப் பிடித்து 1902இலேயே கோலார் தங்கவயலுக்கு மின்சாரம் அனுப்பினார்கள். நீலகிரியில் பைக்காரா மின்நிலையம் 1932இல் ஓடத் தொடங்கியது. பைக்காராவின் பலம் தண்ணீரின் அளவில் இல்லை, உயரத்தில் இருக்கிறது. ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்திலிருந்து தண்ணீர் குழாய் வழியாக இறங்கி, பெல்டன் சக்கரம் என்ற ஒன்றின் கிண்ணங்களில் மோதுகிறது. இரண்டு கரண்டிகளை ஒட்டி வைத்தது போலிருக்கும் ஒவ்வொரு கிண்ணமும்.

உயரம் என்ன செய்யும் என்பதை அவளுக்கு வீட்டுக் கணக்கிலேயே காட்டினேன். 20 லிட்டர் பக்கெட்டைத் தரையிலிருந்து ஒரு மீட்டர் உயர மேசைக்குத் தூக்கிவைக்கிறாய். மூச்சு வாங்குகிறது. அந்தத் தண்ணீர் திரும்பக் கீழே இறங்கும்போது ஒரு சொட்டு ஆற்றல்கூட வீணாகாமல் பிடித்தால், நம் வீட்டு 9 வாட் பல்பு எவ்வளவு நேரம் எரியும்?

"ஒரு மணி நேரம்?"

22 விநாடி.

அவளால் நம்பவே முடியவில்லை. 20 கிலோ, 9.8ஆல் (பூமி இழுக்கும் இழுப்பின் கணக்கு) பெருக்கு, 1 மீட்டரால் பெருக்கு: 196 ஜூல். ஆற்றலை அளக்கும் அலகு அது. 9 வாட் என்றால் விநாடிக்கு 9 ஜூல் செலவு. வகுத்துப் பார், 22 விநாடிக்கும் கொஞ்சம் குறைவு. மொட்டை மாடியில் 10 மீட்டர் உயரத்தில் இருக்கும் 1000 லிட்டர் தொட்டியைக் கொட்டினால்? ஒரு யூனிட் மின்சாரத்தில் 37இல் ஒரு பங்கு. ஒரு யூனிட்டுக்கு 37 தொட்டி தண்ணீர்! அதே 1000 லிட்டர் பைக்காராவில் 900 மீட்டர் இறங்கினால், இழப்பெல்லாம் போகவே 2 யூனிட் கிடைத்துவிடும். தண்ணீர் ஒன்றுதான், மலை செய்யும் வேலை அது.

இதைக் கேட்ட பிறகு, கரண்ட் பில்லில் '320 யூனிட்' என்று போட்டிருப்பதை அவள் வேறு கண்ணால் பார்த்தாள்.

மாடல் செய்வதும் எளிது. இரண்டு பழைய சிடிக்கு நடுவில் எட்டு குட்டி பிளாஸ்டிக் காப்பிக் கப்புகளை ஒட்டினோம். நடுத் துளையில் மஞ்சள் கியர் மோட்டாரின் அச்சு. காற்றுக்கு அசையாத அந்தக் கியரைத் தண்ணீரின் கனம் சுற்றிவிடும். கப்பில் தண்ணீர் நிறைந்து கீழே இழுப்பது சின்ன பலம் அல்ல. உள்ளே கியர் விகிதம் 48க்கு 1. சக்கரம் ஒரு சுற்று சுற்றினால் மோட்டார் 48 சுற்று. முதலில் பக்கெட்டில் அரை இஞ்ச் குழாய் மாட்டினேன். சக்கரம் மத்தியானச் சோற்றுக்குப் பிறகு நடப்பது போல நடந்தது, எல்.இ.டி. எரியவில்லை. முக்கால் இஞ்சுக்கு மாற்றியதும் சக்கரம் வேகம் பிடித்து, விநாடிக்கு ஒன்றரைச் சுற்றைத் தாண்டியபோது சிவப்பு எல்.இ.டி. சிமிட்டிக்கொண்டு எரியத் தொடங்கியது. ஒரு பக்கெட் முழுக்கக் காலியாக ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. (எரியாவிட்டால் எல்.இ.டி.யைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். அது ஒருவழிச் சாலை.)

தண்ணீரில் எனக்குப் பிடித்த இன்னொன்று இங்கே பக்கத்து மலையிலேயே இருக்கிறது. வால்பாறைப் பக்கம் காடம்பாறை. 400 மெகாவாட். மேலே ஓர் அணை, கீழே மேல் ஆழியாறு அணை. மின்சாரம் மிச்சமாக இருக்கும் நேரத்தில் கீழே இருக்கும் தண்ணீரை மேலே ஏற்றிவைக்கிறார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் விளக்குப் போடும் சாயங்காலத்தில் இறக்கிவிட்டு மின்சாரம் எடுக்கிறார்கள். ஏற்றுவதற்கு ஒரு இயந்திரம், எடுப்பதற்கு ஒரு இயந்திரம் என்று இல்லை. ஒரே இயந்திரம் ஒரு நேரம் மோட்டார், இன்னொரு நேரம் ஜெனரேட்டர். பாப்பா முதலில் மேசை மேல் சுற்றிய மஞ்சள் மோட்டார் ஜோடியை யானை அளவுக்குப் பெரிதாக்கினால் அதுதான். ஏற்றச் செலவாவதை விடக் குறைவாகத்தான் திரும்பக் கிடைக்கும். இருந்தாலும் தேவைப்படும் நேரத்துக்குக் கிடைக்கிறதே.

சோலார் பற்றி அவள் அப்பாவுக்கு ஒரே ஆர்வம். "பேனல் வாங்கு, வயர் மாட்டு, வேலை முடிஞ்சுது." செய்வதற்கு ஐந்திலும் இதுதான் சுலபம், விளக்குவதற்கு இதுதான் கஷ்டம். சுற்றுவது எதுவும் இல்லாததால் விரல் நீட்டிக் காட்ட ஒன்றுமே கிடையாது.

நான் அவளுக்குச் சொன்னது இது. கேரம் போர்டை நினைத்துக்கொள். வெளிச்சம் தொடர்ச்சியாக ஊற்றும் தண்ணீர் போலத் தெரிந்தாலும், சின்னச் சின்னப் பொட்டலங்களாகத்தான் வருகிறது. ஒவ்வொரு பொட்டலமும் ஒரு ஸ்ட்ரைக்கர். பேனலில் இருக்கும் சிலிக்கனுக்குள் எலெக்ட்ரான்கள் காய்கள் மாதிரி அவரவர் இடத்தில் உட்கார்ந்திருக்கின்றன. ஸ்ட்ரைக்கர் போதிய பலத்தோடு அடித்தால் காய் இடம் பெயரும். பலம் பற்றாத ஸ்ட்ரைக்கர் ஆயிரம் அடித்தாலும் ஒரு காயும் நகராது. 1905இல் ஐன்ஸ்டீன் சொன்ன விஷயம் இது. அவருக்கு நோபல் கிடைத்தது இதற்குத்தான், சார்பியலுக்கு அல்ல.

பெயர்ந்த காய் எங்காவது சுற்றிவிட்டுத் தன் இடத்துக்கே திரும்பிவிட்டால் பயனில்லை. அதற்காகச் சிலிக்கனின் ஒரு பக்கம் துளியூண்டு பாஸ்பரஸும் மறுபக்கம் துளியூண்டு போரானும் கலக்கிறார்கள். இரண்டும் சேரும் எல்லையில் கூட்டமான கோயிலில் வைப்பது போல ஒரு வழிக் கதவு உருவாகிவிடுகிறது. அந்தப் பக்கம் தள்ளப்பட்ட எலெக்ட்ரான் கதவு வழியே திரும்ப முடியாது. வெளியே நாம் மாட்டிய வயர் வழியாகப் பல்பைச் சுற்றிக்கொண்டுதான் வீடு திரும்ப வேண்டும். அந்த ஓட்டம்தான் மின்சாரம். 1954இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் உருப்படியாக வேலை செய்யும் முதல் சிலிக்கன் செல்லைச் செய்து காட்டினார்கள். ஒரு செல் அரை வோல்ட்டுக்குச் சற்று மேலேதான் தரும். அதனால்தான் வரிசையாகக் கோத்துப் பேனலாக்குகிறார்கள்.

இதில் பெரியவர்களே தவறாக நினைக்கும் ஒன்று இருக்கிறது. வெயில் சூட்டில்தான் சோலார் ஓடுகிறது என்று நம்புகிறார்கள். சூடு அதற்கு எதிரி. பேனல் ஒவ்வொரு டிகிரி சூடாகும்போதும் அதன் திறன் ஏறத்தாழ 0.4 சதவீதம் இறங்கும். சித்திரைக் கத்திரி வெயிலை விட, வானம் சுத்தமாக இருக்கும் மாசி மாதக் குளிர்ந்த முற்பகலில் அது உற்சாகமாக இருக்கும். அதற்கு வேண்டியது வெளிச்சம்.

வீட்டுக்கு எது நல்லது என்று கேட்டால் யோசிக்காமல் சோலார் என்பேன். 1 கிலோவாட் பேனல் நல்ல நாளில் 4 யூனிட் கொடுக்கும். மாடித் தொட்டியைக் கிட்டத்தட்ட 150 முறை கொட்டிய சமானம், சத்தமே இல்லாமல். பரந்த பொட்டல் வெளி இருந்தால் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு ராமநாதபுரம் கமுதி சாட்சி. 2016இல் 648 மெகாவாட், சுமார் 2,500 ஏக்கரில். ஆனால் நம் பிள்ளை கண்காட்சி நடத்தப்போவது பொட்டலில் அல்ல, டியூப்லைட் எரியும் அறையில். அறை வெளிச்சம் நம் கண்ணுக்குத் தாராளம். வெளி வெயிலோடு ஒப்பிட்டால் அது நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. சென்ற வருடம் ஒரு பையன் என் கடை வாசலில் அருமையாக ஓட்டிக் காட்டிய சோலார் விசிறி, பள்ளி அறைக்குள் போனதும் அசையவே இல்லை. வீட்டிலிருந்து 100 வாட் குண்டு பல்பு கொண்டுவந்து அதன் மேல் அடித்தான். பழைய மேசை விசிறிக் கதைதான்.

சோலார்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவர்களுக்கு என் யோசனை: மாடலே செய்யாதீர்கள், சோதனை செய்யுங்கள். சின்ன 6 வோல்ட் பேனலில் ஒரு விசிறி மோட்டாரை மாட்டி, வெயிலில் வைத்து, ஒரே ஒரு செல்லை மட்டும் விரலால் மூடுங்கள். பேனலில் பத்தில் ஒரு பங்குதான் மறைந்தது, ஆனால் விசிறி நின்றேவிடும். எல்லாச் செல்லும் ஒரே வரிசையில் கைகோத்து நிற்பதால், ஒருவர் கையை விட்டால் சங்கிலி அறுந்தது போலத்தான். மாடியில் தென்னை ஓலையின் நிழல் விழுந்தால் ஏன் பில் ஏறுகிறது என்பது அதோடு புரியும். காலை 8 முதல் மாலை 5 வரை மணிக்கொரு முறை மின்னோட்டத்தை அளந்து ஒரு வரைபடம் போட்டுக்கொண்டு போனால், கோயில் கோபுரம் மாதிரி ஏறி இறங்கும் அந்தக் கோடே பாதி பேச்சைப் பேசிவிடும்.

கடல் அலையை உடுமலையில் உட்கார்ந்து செய்வது கொஞ்சம் குறும்புதான், ஆனால் யோசனை அழகானது. திருவனந்தபுரத்துக்குப் பக்கத்தில் விழிஞ்ஞத்தில் 1991இல் சென்னை ஐஐடி ஆட்கள் 150 கிலோவாட்டில் ஒன்று கட்டினார்கள். அடி திறந்த பெரிய அறை ஒன்று கடலுக்குள் நிற்கும். அலை ஏறினால் உள்ளே இருக்கும் காற்று மேல் துளை வழியாக வெளியே தள்ளப்படும், இறங்கினால் உள்ளே இழுக்கப்படும். துளையில் இருக்கும் சுழலியின் இறக்கை இரண்டுக்கும் ஒரே திசையில் சுற்றும்படி செய்தது. வீட்டில் செய்ய, அடி வெட்டிய இரண்டு லிட்டர் பாட்டிலைப் பக்கெட் தண்ணீரில் அமுக்கித் தூக்குங்கள். மூடியில் போட்ட துளையில் காகிதச் சுழலி படபடக்கும். மின்சாரம் வராது. எப்படி வேலை செய்கிறது என்று காட்டினால் போதும் என்பவர்களுக்குச் சரி.

சாண எரிவாயுவைச் சட்டென்று அடித்துவிட்டாள், வாசனைக்குப் பயந்து. நானும் தடுக்கவில்லை. பாட்டிலில் அடைத்து வாயு வர இரண்டு மூன்று வாரம் ஆகும். வருவது மீத்தேன், தீப்பிடிக்கும். அப்படியே வந்தாலும் அதை எரித்து எஞ்சின் ஓட்டி மோட்டாரைச் சுற்றினால்தான் மின்சாரம். வகுப்பறையில் அது வேண்டாத வேலை. சர்க்கரை ஆலைகளில் கரும்புச் சக்கையை எரித்து நீராவியால் சுழலியைச் சுற்றி, ஆலைக்குப் போக மிச்சத்தை விற்கிறார்களே, அதை அட்டையில் வரைந்து காட்டலாம்.

நோட்டில் இல்லாத இரண்டைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஒவ்வொரு வருடமும் யாராவது கொண்டுவருகிறார்கள். ஒன்று, எலுமிச்சம்பழ மின்சாரம். நாலைந்து பழத்தில் ஆணியும் செம்புக் கம்பியும் குத்தி வரிசையாகக் கோத்தால் எல்.இ.டி. எரியும், உண்மைதான். ஆனால் மின்சாரம் பழத்திலிருந்து வரவில்லை. ஆணியின் மேல் பூசிய துத்தநாகம் கரைகிறது, அதிலிருந்து வருகிறது. அது ஒரு பேட்டரி. துத்தநாகம் தீர்ந்தால் முடிந்தது. இதைப் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் பகுதியில் வைத்தால் தவறு. இரண்டாவது, 'பேட்டரியே இல்லாமல் வாழ்நாள் முழுக்கச் சுற்றும் ஜெனரேட்டர்'. மோட்டார் ஒரு ஜெனரேட்டரைச் சுற்ற, ஜெனரேட்டர் அதே மோட்டாருக்கு மின்சாரம் கொடுக்க, மிச்சத்தில் பல்பு எரியுமாம். வீடியோவில் எரிகிறது, மேசைக்கடியில் எங்கோ வயர் போகிறது. வயரைச் சேர்த்ததும் கெட்டியான அந்த மோட்டாரைக் கையில் பிடித்துப் பார்த்த யாரும் இதை நம்ப மாட்டார்கள்.

ஐந்து மணிக்கு டீ வந்தபோது நோட்டில் மூன்று பெயர் மிஞ்சியிருந்தது. என் கட்சி தண்ணீர்ச் சக்கரம். அறைக்குள் ஓடும், எல்.இ.டி. உண்மையாகவே எரியும், எது எதைச் சுற்றுகிறது என்று கண்ணால் பார்க்கலாம், கேள்வி கேட்டால் பக்கெட் கணக்கு கைவசம் இருக்கிறது. ஒன்பது, பத்தாம் வகுப்புப் பிள்ளையாக இருந்தால் சொந்தமாகக் காயில் கட்டிய காத்தாடியைச் சொல்லியிருப்பேன், அதில்தான் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. பேச்சுத் திறமையும் பொறுமையும் உள்ள பிள்ளைக்குச் சோலார் சோதனை. அவள் அப்பா கடைசிவரை சோலார் பக்கமே நின்றார். அவள் டீயைக் குடித்து முடித்துவிட்டு, "பக்கெட்டு" என்றாள்.

கண்காட்சி அன்று நான் போக முடியவில்லை, தோட்டத்து மோட்டார் ஒன்று அவசரம். சாயங்காலம் அவளே வந்து சொன்னாள். ஒரு நடுவர் சக்கரத்தைக் குனிந்து பார்த்துவிட்டு, "சரி, இந்தத் தண்ணியை மேலே தூக்கி வெச்சது யாரு?" என்று கேட்டாராம்.

"நான்தான் சார். பைக்காராவுக்கு வெயில் தூக்கி வெக்குது. கடல்தண்ணி ஆவியாகி, மேகமாகி, மலையில மழையா வுழுதுல்லீங்க? இங்க வெயில் இல்ல, அதனால நான் தூக்கினேன்."

அவர் சிரித்துக்கொண்டே இன்னொரு பக்கெட் கேட்டிருக்கிறார். அதற்குப் பிறகு அவருக்காகவும் பக்கத்து வகுப்புப் பிள்ளைகளுக்காகவும் ஒன்பது பக்கெட். பரிசு சமையல் சோடா எரிமலைக்குப் போய்விட்டது. அறை முழுக்கத் தண்ணீர். வாட்ச்மேன் துடைப்பத்தோடு வந்து வாசலிலேயே நின்றுவிட்டாராம். அடியில் ஒரு பெரிய டப் வைக்க வேண்டும், இரண்டு பழைய துண்டும் எடுத்துப் போக வேண்டும். இவ்வளவு பேசிய எனக்கு அன்று அது தோன்றவில்லை.